விமானிக்கும் டவருக்கும் இடையே பேச்சு எங்கே பிசகுகிறது?

கோபிச்செட்டிபாளையத்தைச் சேர்ந்த மஞ்சள் வியாபாரி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அவருடைய மகள் விமானப் பயிற்சியில் இருக்கிறார். ஓடுபாதைக்குள் நுழையாமல் வெளியே நிற்கும்படி விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமான டவரில் சொன்னார்கள். அந்தப் பெண் "ரோஜர்" என்று சொல்லிவிட்டுச் சரியான இடத்தில் நின்றும்விட்டார். அப்படியிருந்தும் டவரில் இருந்தவர் கடிந்துகொண்டார், தரையிறங்கியதும் பயிற்சியாளரும் திட்டினார். "சொன்னபடி நடந்தவளை எதற்காகத் திட்ட வேண்டும்? அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலம்தான் குறையா? டவரில் இருப்பவரும் தமிழர் என்றால் தமிழிலேயே பேசிவிட்டுப் போகலாமே?" என்பது அவருடைய கேள்வி. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, உங்கள் அம்மணி நின்றது சரி. டவர் திருத்தியதும் சரி. திருத்திய விதத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

கோபுரத்தின் கண்ணாடி வழியே பார்த்தால் ஒரு செஸ்னா விமானத்தின் மூக்கு மஞ்சள் கோட்டை நோக்கி மெதுவாக ஊர்ந்து வருவது தெரியும். அதற்குள் இருப்பவரின் மனதில் "நில்" என்று பதிந்திருக்கிறதா, "கடந்து போ" என்று பதிந்திருக்கிறதா என்பது தெரியாது. அதே நேரத்தில் ஒரு ஏர்பஸ் நான்கு நாட்டிக்கல் மைல் தொலைவில் இறங்கிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 140 நாட், அதாவது மணிக்கு 140 நாட்டிக்கல் மைல் வேகத்தில் அது ஓடுபாதையைத் தொட இரண்டு நிமிடம்கூட ஆகாது. "ரோஜர்" என்றால் "நீங்கள் கடைசியாக அனுப்பிய செய்தி முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது" என்று பொருள். எது வந்து சேர்ந்தது என்பதற்கு அதில் விடை இல்லை. "ஹோல்டிங் ஷார்ட் ஆஃப் ரன்வே டூ த்ரீ" (23-ஆம் ஓடுபாதைக்கு வெளியே நிற்கிறேன்) என்று, வானொலியில் தன் விமானத்தின் பெயரான அழைப்புக் குறியோடு திருப்பிச் சொல்லியிருந்தால், மூன்று விநாடியில் கட்டுப்பாட்டாளரின் தலையில் இருந்த பாரம் இறங்கியிருக்கும். அம்மணி நின்ற பிறகுதான் அவர் நிற்பார் என்று டவருக்குத் தெரிந்தது. அதற்கு முந்தைய பத்து விநாடிகளைத்தான் அந்த அதிகாரி கோபமாக வெளிப்படுத்திவிட்டார்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இதில் குறுக்கே வருகிறது. பெரியவர்கள் ஒன்று சொன்னால் "சரிங்க" என்போம். புரிந்தாலும் சரிங்க, புரியாவிட்டாலும் சரிங்க, மனதுக்குள் ஒப்பாவிட்டாலும் சரிங்க. வீட்டிலும் சந்தையிலும் அந்த மரியாதை நமக்கு அழகுதான். வானொலியில் அதுவே ஆபத்து. இத்தனை ஆண்டுகள் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்து கேட்டதில் எனக்கு ஏற்பட்ட உறுதியான கருத்து இது: விமானிக்கும் டவருக்கும் இடையே நேரும் பிசகுகளில் மொழி தெரியாமல் நேர்வதைவிட, புரியாததைப் புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு நேர்வதே அதிகம்.

இதனால்தான் சில செய்திகளைக் கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று உலகம் முழுவதும் விதி வைத்திருக்கிறார்கள். ஓடுபாதைக்குள் நுழைவது, அதைக் கடப்பது, அதன் வெளியே நிற்பது, அதில் இறங்குவது, அதிலிருந்து கிளம்புவது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். எந்த ஓடுபாதை, எந்த உயரம், எந்தத் திசை, என்ன வேகம், உயரமானிக்குரிய காற்றழுத்த அளவு, ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் எண் ஆகியவையும் அப்படித்தான். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பது போன்ற தகவலுக்கு "ரோஜர்" போதும். அப்படித் திருப்பிச் சொல்வதைக் கட்டுப்பாட்டாளர் காதுகொடுத்துக் கேட்டு, தவறிருந்தால் உடனே திருத்த வேண்டும். சங்கிலி இந்த இரண்டாவது கண்ணியில்தான் அடிக்கடி அறுகிறது.

கோவையை வைத்தே ஒரு காட்சி சொல்கிறேன். பீளமேட்டு ஓடுபாதையின் ஒரு முனைக்கு 23 என்றும் மறுமுனைக்கு 05 என்றும் பெயர். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே பாய்ந்து வரும் மாதங்களில் விமானங்கள் காற்றை எதிர்த்து 23-இல் இறங்கும். நாள்தோறும் அதையே கேட்டுப் பழகிய விமானியிடம், காற்று மாறிய ஒரு காலையில் "ரன்வே ஸீரோ ஃபைவ்" என்று டவர் சொல்கிறது. விமானியின் காதில் ஸீரோ ஃபைவ் என்றுதான் விழுகிறது. ஆனால் வாய் "டூ த்ரீ" என்கிறது, வாரக்கணக்கில் சொல்லிப் பழகிய வாய் அது. கட்டுப்பாட்டாளரோ தான் சொன்னதே திரும்பி வரும் என்று எதிர்பார்த்து, அடுத்த விமானத்தின் குறிப்பை எழுதிக்கொண்டே கேட்கிறார். அவர் காதிலும் "ஸீரோ ஃபைவ்" என்றே விழுகிறது. இருவரும் நல்ல ஆங்கிலம் அறிந்தவர்கள், இருவரும் விழித்திருக்கிறார்கள். விமானம் எதிர்முனையை நோக்கித் திரும்புகிறது. மனம் எதிர்பார்ப்பதையே காது கேட்கும் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் ஒருமுறையாவது உணர்ந்திருப்பார்கள்.

இதன் மிகக் கொடிய வடிவம் 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில் நடந்தது. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் டெனரீஃபின் சிறிய விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. கடும் மூடுபனி. கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஓடுபாதையின் முனையில் நின்றது. பான் அம் நிறுவனத்தின் 747 அதே ஓடுபாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. "நாங்கள் இப்போது டேக்ஆஃபில் இருக்கிறோம்" என்ற பொருளில் கேஎல்எம் துணை விமானி சொன்னார். கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டு "ஓகே" என்றார். சற்று இடைவெளி விட்டு, "காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்று தொடர்ந்தார். அந்தக் கணத்தில் பான் அம் விமானியும் "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பேசினார். இரண்டு குரல்களும் மோதி, கேஎல்எம் விமானி அறையில் ஒரு கீச்சொலிதான் கேட்டது. தெளிவாகக் கேட்டது அந்த ஓகே மட்டும். 583 பேர் இறந்தார்கள்.

அதற்கு முன் கேஎல்எம் விமானத்தின் பொறியாளர், அந்தப் பான் அம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். தலைமை விமானி உறுதியான குரலில் விலகிவிட்டது என்றார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அங்கேயும் ஒரு "சரிங்க" இருந்தது. இந்த விபத்துக்குப் பிறகுதான், கிளம்புவதற்கான உண்மையான அனுமதியைக் கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர மற்ற இடங்களில் "டேக்ஆஃப்" என்ற சொல்லைப் பேசக் கூடாது என்று ஆயிற்று. மற்ற நேரங்களில் "டிபார்ச்சர்" என்பார்கள்.

அந்தக் கீச்சொலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விமான வானொலி இன்றும் வீச்சுப் பண்பேற்ற (ஏஎம்) முறையில்தான் இயங்குகிறது. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கலந்து இரைச்சலாகும். பண்பலை (எஃப்எம்) முறையில் வலிமையான குரல் மட்டும் கேட்டு, மற்றது சுவடில்லாமல் மறைந்துபோகும். அப்படி ஒருவர் பேசியதே தெரியாமல் போவதைவிட, யாரோ இருவர் ஒன்றாகப் பேசினார்கள் என்றாவது தெரிவது நல்லது. ஆகவே இரைச்சலைக் கேட்டால் "எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது" என்று விட்டுவிடாமல், மறுபடி கேட்க வேண்டும் என்று அம்மணியிடம் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தி ஒரு கணம் கழித்துப் பேசத் தொடங்கவும் சொல்லுங்கள். அவசரப்பட்டால் முதல் அசை வெட்டுப்படும். வெட்டுப்படுவது பெரும்பாலும் அழைப்புக் குறிதான், அப்புறம் பேசியது யார் என்றே தெரியாது.

அடுத்தது 1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஏவியாங்கா 52 என்ற போயிங் 707 விமானம். மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடிக்க வைத்தார்கள். முதல் முறை இறங்க முடியாமல் மேலேறியபோது, அவசரநிலை என்று டவரிடம் சொல்லும்படி தலைமை விமானி துணை விமானியிடம் சொன்னார். துணை விமானி, மறுபடி முயல்கிறோம் என்றும் எரிபொருள் தீர்ந்துவருகிறது என்றும் மட்டும் சொன்னார். நியூயார்க் வானில் அந்த மாலையில் எல்லோருக்கும்தான் எரிபொருள் குறைந்துகொண்டிருந்தது. உயிராபத்தை அறிவிக்கும் "மேடே" என்ற சொல்லோ "எமர்ஜென்சி" என்ற சொல்லோ வானொலியில் ஒலிக்கவே இல்லை. எரிபொருள் முழுவதும் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்த விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் உயிரிழந்தார்கள். உதவி வேண்டும்போது பணிவாகச் சுற்றிவளைத்துப் பேசும் குணம் நமக்கும் உண்டு. மூன்று முறை "மேடே" என்று சொன்னால் வானமே ஒதுங்கி வழிவிடும். அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்கக் கூடாது என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே பிள்ளைகளின் மனதில் பதிய வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

எண்களாலும் உயிர் போயிருக்கிறது. 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூர் அருகே, 2400 அடிக்கு இறங்கும்படி "டூ (two, இரண்டு) ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று சொன்னதை "டு (to, வரை) ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று எடுத்துக்கொண்டு, ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் 400 அடிக்கு இறங்கப் பார்த்து மலையில் மோதியது. நால்வர் இறந்தார்கள். நம் நாட்டில் 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவூதி விமானமும் கசக்ஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டார்கள். 15,000 அடியில் இருக்கச் சொல்லப்பட்ட கசக் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த விமானத்தில் டவரோடு பேசும் பணி தனியாக ஒரு வானொலி இயக்குநரிடம் இருந்தது. கேட்டவர் ஒருவர், ஓட்டியவர் இன்னொருவர்.

இவையெல்லாம் பெரிய விமானங்கள், இருவர் மூவர் சேர்ந்து ஓட்டுபவை. உங்கள் மகளைப் போலச் சிறிய விமானத்தில் தனியாகப் பறப்பவரின் நிலை இன்னும் கடினம். பக்கத்தில் "அவர் அப்படிச் சொல்லவில்லையே" என்று திருத்த ஆள் கிடையாது. ஒரு கை கட்டுப்பாட்டுத் தண்டில், இன்னொரு கை எஞ்சின் விசையில், மடியில் வரைபடம், கண் வெளியே, காதில் எஞ்சின் ஓசை. அந்த நேரத்தில் திசை, உயரம், டிரான்ஸ்பாண்டர் எண், அலைவரிசை மாற்றம் என்று நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால் மூன்றுதான் தங்கும். தொலைந்தது எது என்பதும் தெரியாது. நிமிடத்துக்குச் சராசரியாக 100 சொற்களுக்கு மேல் பேசக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. பரபரப்பான நேரத்தில் பல டவர்களில் அது காற்றில் பறக்கிறது. இது கட்டுப்பாட்டாளர்களின் குறை. நம் தரப்பை நாமே மறைக்கக் கூடாது.

ஒரே பள்ளியைச் சேர்ந்த விமானங்கள் வட்டமடிக்கும்போது அழைப்புக் குறிகளும் குழப்பும். V, B, D என்ற எழுத்துகளைச் சொற்களாகச் சொல்லும் "விக்டர் பிராவோ டெல்டா" ஒன்று, "விக்டர் டெல்டா பிராவோ" ஒன்று. ஒருவருக்குக் கொடுத்த அனுமதியை மற்றவர் எடுத்துக்கொள்வது இப்படித்தான். பதில் சொல்லும்போது அழைப்புக் குறியை விட்டுவிடாமல் சொன்னால் அது அப்போதே பிடிபட்டுவிடும்.

உள்ளூர் அடையாளங்களும் ஒரு தனிப் பிரச்சினை. சூலூர்க் குளத்துக்கு மேல் வந்ததும் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டால் கோவைக்காரருக்குப் பிரச்சினையில்லை. வெளியூரிலிருந்து முதன்முறை வருபவருக்கு? நொய்யலை ஒட்டி உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம், அதற்கும் கிழக்கே சூலூர்க் குளம் என்று சங்கிலியாகக் குளங்கள். மழைக்குப் பிறகு மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே மின்னும். தவறான குளத்தின் மேல் நின்று "வந்துவிட்டேன்" என்று உண்மையாக நம்பிச் சொல்வார். டவர் அவரை வேறோர் இடத்தில் தேடும். பீளமேட்டுக்குச் சிறிது தொலைவிலேயே சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, தேஜஸ் போர் விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் நான்கைந்து மைல் பிசகுவது சிறிய விஷயம் அல்ல. ஊர் தெரியாதவர் தெரியாது என்று சொன்னால் போதும். திசையும் தூரமும் கொடுத்து வழிகாட்டுவது டவரின் வேலை.

இனி உங்கள் தமிழ்க் கேள்விக்கு வருகிறேன். தமிழில் பேசினால் உங்கள் மகளுக்கும் டவருக்கும் வசதிதான். ஆனால் அந்த அலைவரிசையில் மற்றவர்களும் இருக்கிறார்கள். டவர் ஒருவரிடம் பேசுவதை எல்லோரும் கேட்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று மனதில் படம் போட்டுக்கொள்கிறார்கள். சண்டிகரிலிருந்து வந்த விமானிக்கும் சிங்கப்பூரிலிருந்து வந்த விமானிக்கும் அந்தப் படம் தேவை. 2000 மே 25 அன்று பாரிஸ் சார்லஸ் டி கால் விமான நிலையத்தில் ஒரு பிரெஞ்சுப் பயணிகள் விமானத்துக்குக் கிளம்பும் அனுமதி பிரெஞ்சு மொழியில் கொடுக்கப்பட்டது. அதே ஓடுபாதையின் நடுவழியில் நுழையக் காத்திருந்த சிறிய சரக்கு விமானத்தோடு ஆங்கிலத்தில் பேசினார்கள். பின்னால் ஒரு விமானம் ஓடத் தொடங்கிவிட்டது என்பது ஆங்கிலம் மட்டும் தெரிந்த அந்த விமானிகளுக்குத் தெரியவில்லை. ஓடுபாதைக்குள் நுழைந்தார்கள். பெரிய விமானத்தின் இறக்கை அவர்களின் விமானி அறையைச் சீவியது, விமானிகளில் ஒருவர் இறந்தார். தமிழ் மீது எனக்கும் பற்று உண்டு, அண்ணா. வானத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சாக இருக்கட்டும்.

தமிழ் வழியில் படித்தது குறையே அல்ல. சர்வதேசத் தரத்தில் விமானிக்குத் தேவையானது ஆறு படிகளில் நான்காவது படி ஆங்கிலம். தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம், அது எப்போதாவது மட்டுமே புரிதலைக் கெடுக்கலாம் என்று அந்தப் படியே ஒப்புக்கொள்கிறது. ஆங்கில இலக்கணம் நன்றாக அறிந்த நகரத்துப் பிள்ளைகள் வளவளவென்று பேசி அலைவரிசையை அடைப்பதையும், அளந்து கற்றுக்கொண்ட கிராமத்துப் பிள்ளைகள் நிறுத்தி நிதானமாக எண் எண்ணாகச் சொல்வதையும் நான் கேட்டிருக்கிறேன். எனக்கு இரண்டாமவர்தான் வேண்டும். வானொலி உரிமத் தேர்வைப் பற்றியும் பயப்பட வேண்டாம். முன்பு தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்த அந்தப் பொறுப்பு, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விமானச் சட்டத்தால், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவிடம் வந்துவிட்டது. உரிமங்கள் ஒரே கூரையின் கீழ் வருவது நல்லதுதான்.

வீட்டில் ஒரு பயிற்சி செய்யலாம். அதற்கு நீங்களே போதும். அம்மணி எழுதிக் கொடுக்கும் பத்து உத்தரவுகளை இடைவெளி விடாமல் நீங்கள் படியுங்கள். அவர் நடந்துகொண்டோ பாத்திரம் துலக்கிக்கொண்டோ கேட்டு, முழுவதையும் திருப்பிச் சொல்லட்டும். கை சும்மா இருக்கக் கூடாது என்பது முக்கியம். பிறகு இதையே மாற்றுங்கள். பத்தில் இரண்டை அவர் வேண்டுமென்றே தவறாகச் சொல்ல, நீங்கள் பிடிக்கப் பாருங்கள். எத்தனை எளிதாகத் தவறு நழுவிப் போகிறது என்பது அன்றே இருவருக்கும் விளங்கும்.

மூன்று சொற்றொடர்களை அவர் கூச்சமில்லாமல் சொல்லப் பழக வேண்டும். சரியாகக் கேட்காவிட்டால் "ஸே அகெய்ன்". செய்ய முடியாவிட்டால் "அன்ஏபிள்". கை ஒழியவில்லை என்றால் "ஸ்டாண்ட் பை". டவர் சொன்னது விமானத்தைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்கு ஒத்துவராது என்றால் மறுக்கும் உரிமை விமானிக்கு உண்டு, அதைக் கேட்டு எந்த நல்ல கட்டுப்பாட்டாளரும் முகம் சுளிக்க மாட்டார். "ஸ்டூடண்ட் பைலட்" என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடும்படி அமெரிக்காவில் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். அதைக் கேட்டதும் டவர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் பயிற்சிப் பள்ளிகளும் இதை வழக்கமாக்கலாம்.

திட்டிய விதத்துக்கு வருகிறேன். "ரீட் பேக்" (திருப்பிச் சொல்லுங்கள்) என்று இரண்டு சொல்லில் கேட்டு வாங்கியிருக்க வேண்டியதை, எல்லோரும் கேட்கும் அலைவரிசையில் கடுமையாகச் சொன்னது தவறு. ஒருமுறை அவமானப்பட்ட மாணவர் அடுத்த முறை "ஸே அகெய்ன்" கேட்கத் தயங்குவார். கடிந்து பேசும் கட்டுப்பாட்டாளர் தன் ஓடுபாதைக்குத் தானே ஆபத்தை வரவழைக்கிறார். அதனால் இதை விட்டுவிடாதீர்கள். பயிற்சியாளர் மூலம் டவரின் பொறுப்பு அதிகாரியிடம் நிதானமாக எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் மாணவர்கள் டவருக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதியும் கேளுங்கள். அந்த நாற்காலியிலிருந்து வெளியே பார்த்தவர் அதன் பிறகு வெறும் "ரோஜர்" சொல்வது குறைவு. டிஜிசிஏவுக்குத் தானாக முன்வந்து எழுதும் வழியும் உண்டு. அமெரிக்காவில் 1976 முதல் நாசா அமைப்பு இப்படிப்பட்ட அறிக்கைகளைப் பெயர் நீக்கித் தொகுத்து வருகிறது. விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தண்டனைக்கு அஞ்சாமல் அதில் எழுதுகிறார்கள். அம்மணி எழுதும்போது டவர் பேசியதை மட்டும் எழுதாமல், தான் முழுவதும் திருப்பிச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதட்டும். படிப்பவருக்கு இரண்டும் வேண்டும்.